எக்ஸ்ரே வேண்டாம், நேரா ஸ்கேன் எடுங்க

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எக்ஸ்ரே எடுத்தா கேன்சர் வருமாமே தம்பி. அது வேணாம், நேரா ஸ்கேனே எடுத்துடுங்க." சி.டி. ஸ்கேனிலும் அதே எக்ஸ்ரே கதிர்தான், அதுவும் பல மடங்கு கூடுதலாக, என்றால் நம்ப மறுக்கிறார்கள். வாரக்கணக்கில் இருமுகிறவர் மார்பு எக்ஸ்ரேக்குப் பயந்து வீடு திரும்புவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். காசநோய் இந்த நாட்டை விட்டு இன்னும் போகவில்லை. நெருக்கமான லயத்து வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பேரப்பிள்ளை வரைக்கும் தொற்றலாம்.

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் கணக்கிடுகிறோம். எக்ஸ்ரே அறைப் பக்கமே வராதவருக்கும் மண், காற்று, வானம், சாப்பாடு வழியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. இது உலகச் சராசரி. ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02தான். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மூன்று நாளில் வந்துவிடும் அளவு அது. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஏறக்குறைய 8, மூன்று வருடத்துக்கும் மேலான இயற்கைக் கணக்கு ஒரே நாளில் ஏறிவிடுகிறது. தேவைப்படும்போது சி.டி. உயிரைக் காப்பாற்றும். தேவையில்லாதபோது கேட்டு வாங்க வேண்டிய பொருள் அல்ல.

பேராக்காரர்களுக்கு இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில், அதாவது வெள்ளீயச் சுரங்கங்களில், ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்பு மணலை அமாங் என்கிறோம். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே கனிமம்தான். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இந்த மோனசைட்டிலிருந்து அருமண் (ரேர் எர்த்) எனப்படும் உலோகப் பொருள்களை எடுக்கத் தொடங்கியது. தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறுவருடம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்த மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. கண்ட இடத்தில் போட்ட கதிரியக்கக் கழிவும், சுவர் கட்டி, அளவு பார்த்து, ஒரு நொடிக்கும் குறைவாகப் பாய்ச்சும் எக்ஸ்ரேயும் ஒன்றாகாது என்பதை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த 2.4இல் பாதி ராடான் என்ற வாயுவால் வருவது. மண்ணிலும் கல்லிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது பிறப்பது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்று உள்ளே வந்து வெளியே போகும் பழைய பலகை வீட்டில் அது தேங்காது. ஏர்கோன் போட்டு இரவு பகலாக அடைத்த கல்வீட்டு அறையில் தேங்கலாம். காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதற்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ராடானும் ஒன்று. வீட்டில் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். புகையிலை இலையிலேயே பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறது. புகையோடு நேரே நுரையீரலுக்குள் போகிறது. எக்ஸ்ரேக்குப் பயந்து வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைக்கும் அண்ணன்மார்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருப்பதால் துளி கதிரியக்கம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. மிகுதியை உடம்பே வெளியேற்றிவிடும். சென்னைக்கு விமானத்தில் போனாலும் கிடைப்பது மிகச் சொற்பம். கைப்பேசி, வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் வேறு வகை; எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு அவற்றுக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கிடையாது.

போன மாதம் ஒரு பாட்டி மகளோடு வந்தார். பயம் கதிர்வீச்சால் என்று நினைத்தேன். தாலியைக் கழற்றச் சொல்வோமோ என்பதுதான் அவர் கவலை. "கழற்ற வேணாம் பாட்டி, மேலே தூக்கி வாயில கவ்விக்குங்க" என்றதும் முகம் தெளிந்துவிட்டது. ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை மகள் எடுத்துவிட்டார். நெஞ்சைப் பலகையில் அழுத்தி, தோளை முன்னே தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்தார். அவ்வளவுதான். இதுபோல எதுவானாலும் வாய்விட்டுக் கேளுங்கள், வழி இருக்கும்.

கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ முதலில் எங்களிடம் சொல்லுங்கள். அப்போதும் மார்பு எக்ஸ்ரே அவசியமென்றால் எடுக்கலாம். வயிற்றுக்குப் போய்ச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு சி.டி. என்றால், அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. வேறு மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்த படமோ, குறுந்தட்டோ இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். அதைப் பார்த்தே முடிவு சொல்ல முடிந்தால், இரண்டாவது தடவை எடுக்க வேண்டியிருக்காது.