பட மென்பொருள் பேக்கேஜுக்குள் என்னென்ன இருக்கின்றன?

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு வெப்பி (WebP) படத்தைத் திறக்கிறீர்கள். அதைப் பிரித்துப் படிப்பது ஜிம்ப் அல்ல, லிப்வெப்பி என்ற தனி லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. டிஃப் (TIFF) படத்துக்கு லிப்டிஃப், பிடிஎஃப்புக்கு பாப்ளர், எழுத்துருவுக்கு ஃப்ரீடைப்பும் ஹார்ஃபஸ்ஸும். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி, இரட்டைச் சொடுக்கில் நிறுவும்படி கொடுப்பதுதான் என் வேலை.

2023 செப்டம்பரில் லிப்வெப்பியில் ஒரு கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளியானது. தீய நோக்கத்தோடு வடிவமைத்த படம் ஒன்றைத் திறந்தாலே நினைவகம் சிதையக்கூடும். "நம் பேக்கேஜில் அது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பேக்கேஜில் உள்ள லைப்ரரிகள் என்று நான் எடுத்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்து, இல்லை என்று சொன்னேன். அது தவறான பதில்.

பட்டியலை எல்டிடி (ldd) என்ற லினக்ஸ் கட்டளையால் எடுத்திருந்தேன். அது, கொடுத்த கோப்போடு நேரடியாகவோ மறைமுகமாகவோ இணைக்கப்பட்ட லைப்ரரிகளை மட்டுமே காட்டும். நான் கொடுத்ததோ ஜிம்ப்பின் முதன்மைக் கோப்பை மட்டும். ஜிம்ப்புக்குக் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களோ (plug-ins) தனித்தனி நிரல்களாக ஓடுபவை. வெப்பியைத் திறப்பதும் அப்படி ஒன்றுதான். செருகுநிரல் கோப்புறை முழுவதையும் அலசிய பிறகுதான் பழைய லிப்வெப்பி கண்ணில் பட்டது. அன்று மாலையே 1.3.2 பதிப்பைப் போட்டு மறுபடி கட்டினோம். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் என் சொல்லை நம்பியவர்களை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து பட்டியலை முதன்மைக் கோப்பிலிருந்து எடுப்பதில்லை. கட்டி முடித்த பேக்கேஜை விரித்து, உள்ளே கிடக்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் அதன் பதிப்பையும் எழுதி வைக்கிறோம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (xz) என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பது தெரிந்தபோது, லிப்டிஃப் வழியாக அதன் லைப்ரரி எங்கள் பேக்கேஜுக்குள்ளும் இருந்தது. எந்தப் பதிப்பு என்று பார்க்கச் சில நிமிடம் போதுமானதாக இருந்தது: பழையது, பாதிப்பில்லாதது.

(கட்டிய கணினியிலேயே சோதிப்பதும் போதாது. பொத்தான்களின் ஐகான்களை ஏற்றும் ஜிடிகே பிக்ஸ்பஃப் (gdk-pixbuf) என்ற லைப்ரரி, தன் ஏற்றிகள் (பட வகைகளைப் படிக்கும் துணைக் கோப்புகள்) இருக்கும் முழுப் பாதையை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதைத் திருத்தாமல் விட்டால் நம் கணினியில் எல்லாம் தெரியும், பயனருக்குப் பொத்தான்கள் வெறுமையாக நிற்கும்.)

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால், லைப்ரரி ஒருமுறை திருத்தப்பட்டதும் அதைப் பகிரும் எல்லா மென்பொருளும், மூடித் திறந்த பின், பயன்பெறும். விண்டோஸ், மேக் நிறுவிகளில் லைப்ரரிகள் உள்ளேயே வருவதால், இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் அவை மாறா. மென்பொருளின் பதிப்பு எண் அப்படியே இருக்க, நிறுவியின் திருத்த எண் மட்டும் கூடியிருந்தால் "புதிதாக எதுவும் இல்லையே" என்று தள்ளிவிடாதீர்கள். உள்ளே ஒரு லைப்ரரி மாறியிருக்கலாம்.

ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) வைத்திருப்பவர்கள் பதிவிறக்கக் கோப்புறையை இப்போதே ஒருமுறை பாருங்கள். புதியதை இறக்கினாலும் பழைய கோப்பு தானாகப் போகாது. அதைச் சொடுக்கினால் பழைய லைப்ரரிகளோடுதான் திறக்கும். அழித்துவிடுங்கள்.