டிராப்பே இல்லையா? முதலில் புரொப்பெல்லரை விட்டுத் தள்ளி நில்லுங்கள்

எஞ்சின் பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் கருவிதான் மேக்னெட்டோ. அதில் நான் வேலை முடித்துக் கொடுத்த விமானம் அது. மறுவாரம் விமானி சிரித்த முகத்தோடு வந்தார். "சார், பிரமாதம். சுவிட்சை 'எல்'லில் வைத்தால் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை!"

பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புரொப்பெல்லர் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சுவிட்சை 'எல்'லில் வைத்தால் இடது மேக்னெட்டோ மட்டும் ஓடும், வலது மேக்னெட்டோ அணைய வேண்டும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் எரிந்த இடத்தில் ஒன்றுதான் எரியும். எரிதல் மெதுவாகும், ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு, கொஞ்சம் இறங்கும். அதுதான் டிராப். இறங்கவே இல்லை என்றால், வலது அணையவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கு அதுதான் நடந்திருந்தது. வலது மேக்னெட்டோவின் பி-லீட், அதாவது அதை சுவிட்சோடு இணைக்கும் வயர், டெர்மினல் ஓரத்தில் அறுந்து கிடந்தது. நட்டை இறுக்கும்போது வயரை முறுக்கிவிட்டது நான்தான்.

மேக்னெட்டோ நம் வீட்டு விளக்கு மாதிரி இல்லை. விளக்குக்கு வயர் அறுந்தால் அணைந்துவிடும். மேக்னெட்டோவுக்குள்ளேயே நிலைக்காந்தம் இருக்கிறது, சுற்றினால் தானே மின்சாரம் தயாரிக்கும், பேட்டரி வேண்டாம். அதன் பிரைமரி சுருளை பி-லீட் வழியாக எர்த் செய்தால்தான் அது அணையும். வயர் அறுந்தால், சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் அது உயிரோடுதான் இருக்கும். மெதுவாகச் சுற்றினால் ஸ்பார்க் வராது என்றும் நம்பாதீர்கள். ஸ்டார்ட் செய்ய உதவும் இம்பல்ஸ் கப்ளிங் இருக்கிறதே, கையால் புரொப்பெல்லரைத் தள்ளும்போது 'டக்' என்று சத்தம் வருமே, அது ஸ்பிரிங்கை இழுத்து விடுவித்து மேக்னெட்டோவை ஒரு நொடி வேகமாகச் சுழற்றிவிடுகிறது. சிலிண்டரில் மிச்ச எரிபொருள் இருந்தால் போதும், புரொப்பெல்லர் திடீரென்று சுழன்றுவிடும்.

அதனால் எஞ்சினை நிறுத்துவதற்கு முன், ஐடிலில், சுவிட்சை ஒரு கணம் 'ஆஃப்'புக்குக் கொண்டுபோய்த் திருப்புங்கள். எஞ்சின் சாகப் பார்க்க வேண்டும். சாகவில்லை என்றால் எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்சர் பிடியை இழுத்து நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, டிராப் எவ்வளவு வரலாம்? லைகாமிங் எஞ்சின்களுக்குப் பொதுவாக 175 ஆர்.பி.எம். வரை, இரண்டு மேக்னெட்டோவின் டிராப்புக்கும் வித்தியாசம் 50-க்குள் என்பார்கள். உங்கள் விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. எனக்கு அந்த வரம்பைவிட எண்களின் போக்குதான் முக்கியம். போன மாதம் 60, இந்த மாதம் 110 என்றால் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. எழுதி வைக்காதவருக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு மேக்னெட்டோ இருப்பதில் உள்ள தொல்லையே இதுதான்: ஒன்று பலவீனமானால் இன்னொன்று மூடி மறைத்துவிடும்.

எஞ்சின் உதறிக்கொண்டு டிராப் வந்தால் பெரும்பாலும் பிளக். இந்த விமானங்களுக்கு ஊற்றும் 100எல்எல் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. தரையில் ரிச்சாக, அதாவது எரிபொருள் அதிகமாக, ஓட்டினால் கீழ் பிளக்குகளில் படிந்துவிடும். டாக்சியின்போது, அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போகும்போது, நன்றாக லீன் செய்தாலே (எரிபொருளைக் குறைத்தாலே) பாதித் தொல்லை போகும். வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டும் இ.ஜி.டி. மானிட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு மேக்னெட்டோவில் வைத்ததும் எல்லா சிலிண்டரிலும் வெப்பம் ஏற வேண்டும், எதில் விழுகிறதோ அதில்தான் பிளக் எரியவில்லை. கழற்றும்போது கீழே விழுந்த பிளக்கை, கீறல்கூட இல்லாவிட்டாலும், குப்பையில் போடுங்கள். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. உள் ரெசிஸ்டர் 5,000 ஓமைத் தாண்டினாலும் அப்படியே.

மேக்னெட்டோவை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குப் பலர் முகம் சுளிப்பார்கள். "டைமிங் சரியாத்தானே இருக்கு?" என்பார்கள், பிளக் எரியும் தருணத்தைச் சொல்கிறார்கள். இருக்கும். திறந்து மூடும் பாயிண்ட் தேய்ந்தால் டைமிங் முன்னால் போகும், அதைத் தள்ளித் திறக்கும் கேம் ஃபாலோயர் தேய்ந்தால் பின்னால் வரும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டினால், வெளியிலிருந்து டைமிங் விளக்கை வைத்துப் பார்த்தால் 25 டிகிரி அப்படியே நிற்கும். கார்பன் பிரஷ் குட்டையானதும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கரிக்கோடு விழுந்ததும், இம்பல்ஸ் கப்ளிங் தேய்ந்ததும் பிரித்தால்தான் தெரியும்.

அப்புறம், மேக்னெட்டோவுக்குப் பதிலாகப் போடும் எலெக்ட்ரானிக் இக்னிஷன். எனக்கு அதன்மேல் விரோதம் இல்லை. ஸ்டார்ட் சுலபம், பாயிண்ட் தேய்மானம் இல்லை, குறைந்த பவரில் டைமிங்கை முன்னால் தள்ளி எரிபொருள் மிச்சம் பிடிக்கும். டைமிங் முன்னால் போனால் சிலிண்டர் தலை வெப்பமும் ஏறும், அதைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் உங்கள் எஞ்சின் மாடலுக்கு எஸ்.டி.சி., அதாவது அந்த மாற்றத்துக்கான துணை அனுமதிச் சான்று, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளக்குகளுக்குப் போகும் வயர்த் தொகுப்பான ஹார்னஸ் விரிசல் விட்டிருப்பதால் வரும் கோளாறுக்கு மருந்தாக எலெக்ட்ரானிக் வாங்கிவிட்டு, அதே பழைய ஹார்னஸை மாட்டச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, ஒரு பக்கம் எலெக்ட்ரானிக், மறுபக்கம் மேக்னெட்டோ. இரண்டையும் மாற்றி, இரண்டையும் ஒரே பேட்டரியில் தொங்கவிட்டால், அந்தப் பேட்டரி போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். பீ-மேக் போலத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிப்பது என்றால் கதை வேறு. அப்போதும் ரன்-அப்பில், அதாவது புறப்படுவதற்கு முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனையில், விமான மின்சாரத்தைத் துண்டித்து, அது தனியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குச் செக்லிஸ்டில் ஒரு வரி சேர்க்காமல் நான் விமானத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.