கேரக்டர்: கதாபாத்திரமா, கதைமாந்தரா?

டிராகன், மந்திரவாள், உலகைக் காக்கவே பிறந்த வீரன் எல்லாம் அலுத்துப்போய், 'எனக்கு கேரக்டர்தான் முக்கியம்' என்று சொல்லும் மிகுபுனைவு (ஃபேன்டசி) வாசகர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அந்தச் சொல்லின் பூர்வீகமும் எங்கள் பக்கம்தான் நிற்கிறது.

கிரேக்கத்தில் 'கரக்தேர்' என்றால் பொறிக்கும் கருவி. அது பதித்த தடத்துக்கும், நாணயத்தில் குத்திய முத்திரைக்கும் அதே பெயர். பிறகு ஓர் ஆளை இன்னாரென்று காட்டும் குணத்துக்கும் ஆகிவந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், முகஸ்துதிக்காரன், வாயாடி என்று 30 வகை ஆட்களைத் தீட்டிக்காட்டிய நூலுக்கு இதுதான் பெயர். கதையில் வரும் ஆளைக் குறித்தது வெகுகாலம் கழித்து. கணினியில் ஓர் எழுத்தை கேரக்டர் என்கிறோமே, அதில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

தமிழில் 'கதாபாத்திரம்' பரவலான சொல். பாத்திரம் வடசொல், அடிப்படைப் பொருள் கலம். அப்புறம் தகுதியுள்ளவர் ('நன்றிக்குப் பாத்திரமானவர்'), நாடகத்தில் வேடம் தாங்குபவர். மணிமேகலையின் 'பாத்திரம் பெற்ற காதை'யில் வருவது கையில் ஏந்தும் அமுதசுரபி.

சாகச வீரனுக்கு இந்தச் சொல் சரி. வீரம், விதி, குலப்பெருமை என ஆசிரியர் ஊற்றுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கலம் அவன். ஆனால் டோல்கீனின் மோதிரக் கதை ('தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') மூன்றாம் பாகத்தில் (1955) வரும் சாம் என்பவனை எடுத்துக்கொள்ளுங்கள், மோதிரம் சுமப்பவனுக்குத் துணையாகப் போகிறவன். எரிமலையை நெருங்குகையில், சுமை குறைக்கத் தன் சமையல் சாமான்களைப் பள்ளத்தில் எறிகிறான். அத்தனை தூரம் ஆசையாகச் சுமந்தவை. அவை உருண்டு விழும் சத்தம் அவன் நெஞ்சில் சாவுமணியாக ஒலிக்கிறது. எந்தப் படை எந்தப் பக்கம் நின்றது என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சத்தம் மறக்கவில்லை. (இங்கே 'கதாபாத்திரம் பாத்திரத்தை எறிந்தது' என்று எழுதினால் எப்படி இருக்கும்!)

அதனால் ஆளைச் சொல்ல 'கதைமாந்தர்' நல்லது. மாந்தர் என்றால் மக்கள்; மரியாதைப் பன்மையாக ஒருவருக்கும் பொருந்தும். குணத்தைச் சொல்ல 'இயல்பு' போதும். 'அவன் கேரக்டர் சரியில்லை' என்று ஊரில் சொல்வது 'நடத்தை'. ஆட்களின் மனப்போக்கே கதையை நகர்த்தும் வகையை 'மாந்தர்வழி மிகுபுனைவு' என்று நான் எழுதுகிறேன்.

கிரேக்கப் பொருளுக்கு மிக அருகில் வருவது என்னவோ நம் சினிமாக்காரர்கள் புழங்கும் 'குணச்சித்திரம்'தான். அதுவும் பெரும்பாலும் ஹீரோ அல்லாதவர்களுக்கே அந்தப் பட்டம்.