கைபேசியில் பாட்டுப் பதிகிறீர்களா? முதலில் அதன் உதவிகளை அணையுங்கள்

வீட்டில் பாடியும் வாசித்தும் கைபேசிச் செயலியில் பதிந்த ட்ராக்குகளை (தனித்தனி ஒலிப்பதிவுகளை) மிக்ஸிங்குக்காக, அதாவது ஒன்றாகக் கலந்து சீராக்கித் தருவதற்காக, எனக்கு அனுப்புகிறவர்களில் பலர், இரைச்சலை மட்டும் நீக்கித் தந்தால் போதும் என்று கூடவே எழுதுகிறார்கள். மின்விசிறிச் சத்தம் போன்ற சீரான இரைச்சலைப் பின்னர் ஓரளவு குறைத்துவிடலாம். ஆனால் கைபேசியே இரைச்சலை நீக்கப் புகுந்து, கூடவே இசையையும் நீக்கியிருந்தால், போனதை மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது.

கைபேசியின் ஒலிவாங்கியும் அதற்குப் பின்னாலுள்ள மென்பொருளும் முதன்மையாகப் பேச்சுக்காக அமைந்தவை. பேச்சில் ஒலி விட்டுவிட்டு வரும் என்பதால், மாறாமல் நீண்டு ஒலிப்பதைப் பின்னணி இரைச்சல் என்று அந்த மென்பொருள் முடிவுகட்டுகிறது. இசைக்கோ நீண்ட கார்வைதான் உயிர். கீபோர்டில் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துப் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். சில விநாடிகளில் ஒலி மெலிந்து, நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கலங்கினால், இரைச்சல் நீக்கம் இயங்குகிறது என்று பொருள். லெவலை, அதாவது பதிவாகும் ஒலியின் அளவை, தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இத்தகையதே: மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் வரி தட்டையாகிவிடும், இடையில் இழுக்கும் மூச்சோ பாட்டுக்கு இணையாக எழும்பி நிற்கும்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்போருக்கு நான் சொல்லும் பதில் சற்றுச் சலிப்பூட்டுவது: இவ்விரண்டையும் அணைக்க விடுவது எதுவோ அது. ஆண்ட்ராய்டு 7.0 முதல், பதப்படுத்தாத ஒலியை, அதாவது இத்தகைய மாற்றங்கள் செய்யப்படாத ஒலியை, செயலிகள் கேட்டுப் பெற வழி இருக்கிறது. எல்லாக் கைபேசிகளும் அதைத் தருவதில்லை, எல்லாச் செயலிகளும் கேட்பதுமில்லை. ஒரே கைபேசியில் இரு செயலிகள் வெவ்வேறு விதமாகப் பதிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தானியங்கி லெவலை அணைத்தபின் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பாட்டின் மிக உரத்த வரியை முதலில் பாடிப் பார்த்து, மீட்டரின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்குமாறு அமையுங்கள். மீட்டரில் பூச்சியமே உச்ச எல்லை; அதைத் தாண்டிய ஒலியின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். லெவலை மாற்ற வசதியில்லாத செயலியில் பலர் கைபேசியை விட்டுத் தள்ளி நிற்கிறார்கள். தூரம் இருமடங்கானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கும் என்பதால், குரல் கூடத்தின் மறுமூலையிலிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். உரத்த வரிகளில் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொள்வது மேல்.

புளூடூத் ஹெட்செட்டைப் பதிவின்போது தவிர்த்துவிடுங்கள். அதன் தாமதம் பல கருவிகளில் 200 மில்லிவிநாடியை எட்டும். நிமிடத்துக்கு 120 தட்டு கொண்ட தாளத்தில் ஒரு தட்டே 500 மில்லிவிநாடிதான் என்னும்போது, முன்பே பதிந்த ட்ராக்கைக் கேட்டபடி பாடுகிறவர் தாளத்தை விட்டு விலகியே பாடுவார். அதன் ஒலிவாங்கியிலேயே பதிந்தால் இன்னும் மோசம்: பேச்சு இணைப்புக்கு மாறும் பல ஹெட்செட்டுகளில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பதிவாவதே இல்லை. கம்பியுள்ள சாதாரண ஹெட்போன் போதும்.

பாதிப் பாட்டில் அழைப்பு வராமலிருக்க, கைபேசியை ஏரோபிளேன் மோடில் வைத்துப் பதியுங்கள்.

கோப்பை, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவில் சேமியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றை ஒலித்தடம்) என்றால் நிமிடத்துக்கு சுமார் 8.6 மெகாபைட் ஆகும். எம்பி3-ஐ விடப் பெரிது என்றாலும், பாட்டு முடிந்து வெளியிடும் நாள் வரை சுருக்குவதற்குத் தேவை இல்லை. ஆப்பிளின் வாய்ஸ் மெமோஸில் பதிவோர் அமைப்புகளில் லாஸ்லெஸ் (தரம் இழக்காதது) என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக இணையுங்கள். குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால், மேலே அணைத்த பேச்சுக்கான பதப்படுத்தலும் சுருக்கமும் வேறு வழியாக மீண்டும் வந்து சேரும். மூலக் கோப்பை மிக்ஸிங் முடிந்து உங்கள் காதால் கேட்டு ஒப்புக்கொள்ளும் வரை அழிக்காதீர்கள்.