எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை எங்கிருந்து எடுக்கிறது?

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும் என்று நம்புகிறோம். அது பாதி உண்மைதான். ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு காற்று வேறு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் அதன் வழியே வரும். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டால் வீட்டுக்குள் அழுத்தம் சற்றுக் குறையும். கிடைத்த சந்துபொந்துகளில் எல்லாம் காற்று நுழையும். அடுக்குமாடியில் அந்தச் சந்து, பல வீட்டுக் குளியலறைகள் பார்த்திருக்கும், மேலிருந்து கீழ்வரை செல்லும் காற்றுக் கூடான ஷாஃப்டாக இருக்கலாம். கழிவுநீர்க் குழாயாகவும் இருக்கலாம்.

குளியலறைத் தரையின் சல்லடை மூடிக்கு அடியில் ஒரு கிண்ணம் போன்ற அமைப்பு உண்டு. பிளம்பர்கள் அதை நானி டிராப் என்பார்கள். அதில் தேங்கி நிற்கும் சுமார் 5 செ.மீ. நீர்தான் சாக்கடை வாயுவுக்கும் நமக்கும் இடையிலுள்ள ஒரே தடுப்பு. பயன்படுத்தாத குளியலறையில், கோடை வெயிலில், அந்த நீர் மெல்ல ஆவியாகி வற்றிவிடும். பிறகு ஃபேனைப் போட்டால் குழாயிலிருந்தே காற்று வரும்.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 2003 மார்ச்சில் ஹாங்காங் கண்டது. அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்குக் கடும் சுவாச நோயான சார்ஸ் தொற்றியது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். தரை வடிகால்களின் டிராப்கள் பல வீடுகளில் வற்றிக் கிடந்தன என்று அரசின் விசாரணை கண்டறிந்தது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்துவந்ததே காரணம். கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், கிருமி கலந்த நுண்துளிகள் குழாயிலிருந்து குளியலறைக்குள் இழுக்கப்பட்டன. ஃபேன் அவற்றை ஷாஃப்டுக்குத் தள்ள, அங்கிருந்து மற்ற வீடுகளின் ஜன்னல்களுக்கு அவை பரவின என்பது அந்த விசாரணையின் விளக்கம். வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவு சிறிய வேலை!

சமையலறைச் சிம்னிக்கும் இதே விதிதான். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் மோட்டார் இரையும், புகை நகராது. வெளியே போகும் குழாயே இல்லாத சிம்னிகளை விற்கிறார்கள். அவை எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு வாடையையும் பிடிக்கும். அடுப்பு எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியேற்றாது. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தவே பொருத்தாதீர்கள். மூடிய சிறிய அறையில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழும்வரை வெளியே யாருக்கும் தெரியாது.

படுக்கையறையில் சிக்கல் வேறு. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில், கூரை பத்தடி உயரம் என்றால், சுமார் 34,000 லிட்டர் காற்று இருக்கும். தூங்குகிற ஒருவர் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. இருவர் தூங்கும் அறை கசிவின்றி அடைபட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் 1,000 பங்கைத் தொட்டுவிடும். நல்ல அறைக்கு அதுவே எல்லை என்று மியூனிக்கின் சுகாதார அறிஞர் மேக்ஸ் பெட்டன்கோஃபர் 1858இலேயே சொன்னார். அந்த அளவில் கரியமில வாயு நஞ்சல்ல. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அது அளவுகோல். வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அந்த அளவு முக்கியம்.

உங்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஜன்னல்களை மூடி, சிம்னியையும் ஃபேனையும் போட்டுவிட்டு, குளியலறைக் கதவின் அடி இடைவெளியிலும் தரைச் சல்லடை அருகிலும் அதைப் பிடியுங்கள். சல்லடையிலிருந்து புகை உங்களை நோக்கித் தள்ளப்பட்டால் அங்கே நீர் வற்றியிருக்கிறது. தண்ணீரை ஊற்றி, ஷாஃப்டைப் பார்க்காத, தெருவையோ திறந்தவெளியையோ பார்க்கும் ஜன்னலை நான்கு விரற்கடை திறந்துவைத்து, மறுபடி பாருங்கள்.