கோட்டைப் பேயின் தலை எங்கே போனது?

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய், நயாகரா அருவியோடு நயாகரா கோட்டையையும் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அங்கே தலையில்லாத பேய் உலாவுதாம். சும்மா கட்டிவிட்ட கதையா, இல்லை யாராவது எதையாவது பார்த்திருப்பார்களா?"

நயாகரா ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் முனையில் இருக்கிறது அந்த எல்லைக் கோட்டை. 1726இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு கல்கட்டடம் எழுப்பினார்கள். கோட்டை என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இரோகுவா மக்கள் விடமாட்டார்கள். அதனால் 'வியாபாரத்துக்கு ஒரு வீடு' என்று சொல்லி, வீடு மாதிரியே கட்டினார்கள். கிணறுகூட வீட்டுக்குள்ளேயே. 1759இல் பிரிட்டிஷார் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள், 1796இல் அமெரிக்கா கைக்கு வந்தது. பேய் அந்தக் கிணற்றடியில்தான். இரண்டு பிரெஞ்சு அதிகாரிகள் வாள்சண்டை போட்டார்களாம். தோற்றவனின் தலை ஏரிக்கும் உடல் கிணற்றுக்கும் போயிற்றாம். பௌர்ணமி இரவில் முண்டம் எழுந்து வந்து தலையைத் தேடுமாம்.

சரி, கண்ணுக்கு வருவோம். விழித்திரையில் கூம்பு செல்கள் பகலுக்கு, குச்சி செல்கள் இருட்டுக்கு. இது பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த சங்கதி அதற்கு அடுத்தது. எதையாவது நேராக உற்றுப் பார்க்கிறோமே, அந்தப் பிம்பம் விழும் நட்டநடுக் குழியில் குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது! முழுக்கக் கூம்புகள். பகலில் அதுதான் மிகக் கூர்மையான இடம். கும்மிருட்டில் அதுவே குருடு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நேராகப் பார்த்தால் குறைவாகவும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் கூடுதலாகவும் தெரிவது இதனால்தான்.

அந்தக் குருட்டு இடத்தின் அகலம் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு மனிதத் தலையும் அதே அளவு! மூளை வேறு அங்கே ஓட்டை விடாது, சுற்றியிருக்கும் சுவரையே இழுத்துப் பூசி நிரப்பிவிடும்.

மின்தடை இரவொன்றில் மச்சானை மொட்டை மாடியின் அந்தக் கோடியில் நிற்க வைத்துப் பார்த்தேன். முதலில் ஆளே தெரியவில்லை. குச்சி செல்கள் முழுசாக விழிக்க அரை மணி நேரம் வேண்டுமே! அப்புறம் வெள்ளை பனியன் தெரிந்தது, கை கால் தெரிந்தது. முகத்தைப் பார்த்தேன், கழுத்துக்கு மேலே காணோம்.

வெட்டவெளிப் பௌர்ணமியில் கூம்புகளும் கொஞ்சம் வேலை செய்யும், அங்கே இந்த வித்தை பலிக்காது. தடித்த கல்சுவருக்குள், கிணற்றடி இருட்டில் பலிக்கும். அந்தப் பேய் இப்படித்தான் பிறந்தது என்று நான் சாதிக்கவில்லை, என் ஊகம் அவ்வளவுதான். ஆனால் மின்காந்த மீட்டரோடு பேய் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள், அந்தக் காசில் பக்கத்துப் பள்ளிக்குக் கண்ணின் மாதிரி உருவம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

முழங்காலை உற்றுப் பார்த்தால் முழங்கால்தானே மறைய வேண்டும் என்பீர்கள். மறையும்தான். ஆனால் நடுராத்திரியில் எதிரே ஆள் வந்தால் யார் முழங்காலைப் பார்க்கிறார்கள்?