மணலும் மாத்திரையும் அல்ல, வைரஸ்தான் காரணம்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்காவது புற்றுநோய் என்றால், வீட்டார் முதலில் கேட்பது மணவாளக்குறிச்சி மணலைப் பற்றித்தான். கதிர்வீச்சுள்ள மோனசைட் மணலோடு வாழ்பவர்களுக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு என்ன காரணம் என்பது தெளிவாகத் தெரியும்: எச்பிவி என்ற வைரஸ். இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். இதைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தாம்பத்திய உறவில் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை தொற்றத்தான் செய்யும். ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கி, 15, 20 வருடம் கழித்துப் புற்றாகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மனைவியைச் சந்தேகப்படும் கணவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம் ஹார்மோன். கருத்தடை மாத்திரையை 5 வருடத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு, வைரஸும் தங்கியிருந்தால், ஆபத்து கூடுகிறது. நிறுத்தினால் படிப்படியாகக் குறைந்து, சுமார் 10 வருடத்தில் மாத்திரையே சாப்பிடாதவர்கள் அளவுக்கு வந்துவிடும். பிள்ளைப்பேறு அதிகமானாலும் ஆபத்து கூடும். ஈஸ்ட்ரோஜன் கூடும்போது கர்ப்பப்பை வாயின் உள்பக்கத்து மென்மையான செல்கள் வெளியே வந்து நிற்பதும், வைரஸ் அங்கே எளிதாக இடம்பிடிப்பதும் ஒரு காரணம். ஆனால் வைரஸ் இல்லாமல் மாத்திரை மட்டும் இந்த நோயைக் கொண்டுவராது. அதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கவும் செய்கிறது. அதனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சில நாள் சாப்பிடும் மாத்திரை இந்தக் கணக்கில் வராது.

முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, கறை படிந்த விரல்களால் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே கேட்டார்: “ஆபரேஷன் பண்ணியாச்சு, தீட்டும் நின்னாச்சு. இனி எனக்கு எதுக்கு டாக்டரம்மா இந்த டெஸ்ட்?” குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் கருக்குழாயைத்தான் அடைக்கும். கர்ப்பப்பை வாய் அங்கேயேதான் இருக்கிறது, பழைய வைரஸும் இருக்கலாம். வினிகரில் உள்ள அதே அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தோம். ஓர் இடம் வெள்ளையாகத் திரிந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுக்கு முந்தைய நிலை என்று வந்தது. அந்த இடத்தை மட்டும் அகற்றினோம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரவில்லை.

இந்தச் சோதனையை நர்ஸ்களே செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை செய்து பார்த்த ஆய்வில், இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. முடிவு 2007-ல் வெளியானது.

30 வயது ஆனவர்கள், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலோ, மாதவிலக்கு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மகப்பேறு டாக்டரிடமோ உடனே போக வேண்டும். 9 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுங்கள். தடுப்பூசி போட்ட பிள்ளைகளும் பெரியவர்களான பின் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளத்தான் வேண்டும்.